ஆவாரம்பட்டையில் நனைத்த புடவை

வேலூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் நானும் என் நாத்தனாரும் கச்சேரி செய்ய வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லி அனுப்பினார். என்ன பாடுவது என்று நாங்கள் அரை நாள்கூட யோசிக்கவில்லை. என்ன உடுத்துவது என்பதில்தான் மூன்று வாரம் போயிற்று.

அப்போது நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். என் கணவர் ஒரு தோல் கிடங்கில் குமாஸ்தா. அவருடைய தங்கைக்கு ஏறக்குறைய என் வயது. கல்யாணமாகி இரண்டாம் வருஷமே புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பிடில் பெட்டியுமாகப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். மத்தியானம் அடுப்படி வேலை ஓய்ந்ததும் உள்ளறையில் அவள் வாசிப்பாள், நான் பாடுவேன். வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தோம். பக்கத்து வீட்டு உருதுக்காரம்மா சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தினமும் கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணன் மகள் அந்தப் பள்ளியில் படித்தாள். செய்தி அப்படித்தான் வேலூர் வரை போனது.

எனக்கு உடையைப் பற்றிச் சந்தேகமே இல்லை. கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டுப் புடவையை எடுத்து வெயில் காட்டினேன். நாத்தனாரிடம் இருந்ததோ கரையில்லாத வெள்ளைப் புடவைகள் நான்கு.

"அண்ணி, நான் திரைக்குப் பின்னால உக்காந்து வாசிக்கிறேன். அவங்களுக்குச் சத்தம்தானே வேணும்?" என்றாள்.

"அப்படின்னா நானும் வெள்ளையே கட்டிக்கிறேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருப்போம்."

பெரிய தியாகம் செய்வதாக எனக்கு நினைப்பு. அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"இன்னா அண்ணி பேசறீங்க? நீங்க வெள்ளை கட்டினா பாட்டை யாரு கேப்பாங்க? ஏன் கட்டினாங்கன்னு அதையே பேசிக்கிட்டிருப்பாங்க. என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுவாங்க. அதுக்கா நான் வாசிக்கிறேன்?"

சமையலறையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "புருஷன் இருக்கறவ வெள்ளை கட்டறதா? வாயைக் கழுவு."

மூன்றாம் நாள் காலை, கிடங்குக்குக் கிளம்பிய அண்ணனை அவள் வாசலில் நிறுத்தினாள்.

"அண்ணா, வரும்போது ஒரு கூடை ஆவாரம்பட்டை கொண்டாறியா?"

"இன்னாத்துக்கு?"

"கொண்டாயேன், சொல்றேன்."

எங்கள் ஊரில் தோலைப் பதப்படுத்திப் பழுப்பாக்குவது அந்தப் பட்டைதான். அதைக் கொல்லையில் அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்து, தன் வெள்ளைப் புடவையில் நல்லதாக ஒன்றை அதில் முக்கினாள். முதல் தடவை திட்டுத் திட்டாக, மாடு நக்கினது போல வந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவள் அசரவில்லை. படிகாரம் கரைத்து மறுபடி முக்கினாள், மறுநாள் இன்னொரு தடவை. மூன்றாவது முறை நிழலில் உலர்ந்தபோது அது தேன் நிறத்துக்கு வந்திருந்தது. கோயிலுக்குப் போய்த் திரும்பிய மாமியார் கொடியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னாடி இது, கலர் புடவையா?"

"கலர் இல்லம்மா. வெள்ளைப் புடவைதான். கறை பட்டுப்போச்சு."

"கறைன்னா துவைச்சாப் போவணும்."

"போவலியே. நான் இன்னா பண்றது?"

மாமியார் முந்தானையைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், உள்ளே போனார். புடவையை எடுத்து ஒளித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் விழாவுக்கு முதல் நாள் கூடத்தில் பார்த்தால், பித்தளைச் சொம்பில் நெருப்புத் துண்டுகளைப் போட்டு, அந்தப் புடவையைச் சுருக்கமில்லாமல் தேய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் நிற்பது தெரிந்தும் தலைநிமிரவில்லை. "ஈரத்தோட மடிச்சு வெச்சிருக்கா" என்று மட்டும் முணுமுணுத்தார்.

காட்பாடி வரை ரயில், அங்கிருந்து ஜட்கா வண்டி. வெயில் ஏற ஏறப் புடவையிலிருந்து பட்டை வாசனை கிளம்பியது. "லீவு போட்டும் கிடங்குலயே உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு" என்றார் என் கணவர். அவள் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

மேடையில் நான்தான் மாட்டிக்கொண்டேன். பட்டுக்காகத் தைத்த புது ரவிக்கை மார்பை இறுக்கிப் பிடித்தது. இரண்டாவது பாட்டில் மேல் ஸ்தாயிக்குப் போனதும் மூச்சு நின்றுவிட்டது. அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் விட்ட இடத்தில் வில்லை இழுத்து, அதே ஸ்வரத்தைப் பிடித்து, அங்கேயே சுற்றிச் சுற்றி வாசித்தாள். நான் மூச்சு வாங்கிச் சேர்ந்துகொள்ளும் வரை விடவில்லை. சபை, இப்படித்தான் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கைதட்டியது.

முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு அம்மா அவள் முந்தானையைப் பிடித்து, "இந்த நெறம் எங்க கெடைச்சுது? லாங் பஜார்லயா?" என்று கேட்டார். "ஆம்பூர்லம்மா" என்று அடக்கமாகச் சொன்னாள். என் அரக்குப் பட்டுப் புடவையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, இப்போது சொல்வதற்கென்ன.

வாரத்தில் இரண்டு நாள் வந்து பிள்ளைகளுக்குப் பிடில் சொல்லித்தர முடியுமா என்று தலைமையாசிரியை அவளிடம் கேட்டார். வீட்டில் சொன்னபோது மாமியார் ஜபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பதினோராம் நாள், "துணைக்கு யாரு போவாங்க?" என்றார். கடைசியில் அவரே போனார். வகுப்பில் கடைசி வரிசையில், கையில் ஜபமாலையோடு உட்கார்ந்திருப்பாராம். ஆறு மாதத்துக்குள் ரயிலை விட்டு இறங்கி வந்த களைப்போடு என்னிடம் குறை சொல்லத் தொடங்கிவிட்டார்: "எல்லாம் நல்லாத்தான் வாசிக்குதுங்க. அந்த ரெட்டைச் சடைக்காரிக்கு மட்டும் தாளமே நிக்க மாட்டேங்குது."