மதகறைக்குள் ஒரு பதிகம்

வீட்டுச் சொந்தக்காரர் நிலவறையை ஒழித்துத் தரும்படி கேட்டிருந்ததால் நேற்றுக் கீழே இறங்கினேன். பழைய சைக்கிளுக்குப் பின்னால் ஒரு நீலநிறப் பிளாஸ்டிக் பீப்பாய் கிடந்தது. படகுப் பயணத்தில் உடுப்பும் உணவும் நனையாமல் வைப்பதற்கென்று வாங்கியது. மூடியைத் திருகியதும் வறுத்த மிளகாய்த்தூளும் திருநீறும் ஆற்றுச் சேறும் கலந்த மணம் எழுந்தது. இம்மூன்றையும் ஒரே பீப்பாய்க்குள் அடைத்த குடும்பம் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும், நண்பரே.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. என் மகன் குமரன் வகுப்புத் தோழர்களோடு லான் நதியில் படகு வலித்துவிட்டு வந்து, வீட்டாரோடும் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். மனைவிக்குத் தண்ணீர் என்றால் அச்சம். ரயிலடிவரை சோற்றுப் பொதி கொண்டுவருவதோடு தன் கடமையை முடித்துக்கொண்டாள். அவளும் இப்போது இல்லை. என் தகப்பனார், நாங்கள் ஐயா என்று அழைப்பவர், அப்போது எங்களோடு இருந்தார்.

"ஆறெண்டா நானும் வாறன்" என்றார்.

"அப்பப்பா, கூடாரத்துக்குள்ள நிலத்திலதான் படுக்கவேணும்" என்றான் பேரன்.

"நான் என்ன மெத்தையிலயோ பிறந்தனான்?"

அவ்வாறு தொடங்கியது, கோடைதோறும் சில நாட்கள் ஆற்றோடு போகும் வழக்கமாயிற்று. முன்னே குமரன், நடுவே ஐயா, பின்னே திசை திருப்பும் பொறுப்போடு நான். நான் திருப்பிய பக்கம் படகு போனது என்று சொன்னால் பொய்யாகும். படகு போன பக்கம் என் துடுப்பும் போயிற்று.

ஐயாவுக்குப் பதிகங்கள் மனப்பாடம். அடியார்கள் தலந்தோறும் நடந்து, கண்ட இடமெல்லாம் பாடியவர்கள் அல்லவா? லான் கரையில் சிவாலயம் ஏது? ஆகவே அவர் மதகுகளையே தலங்களாகக் கொண்டார். ஆறு பள்ளத்தில் இறங்கும் இடங்களில் இரு முனையிலும் கதவிட்ட, கற்சுவர் எழுப்பிய அறை ஒன்று கட்டியிருப்பார்கள். படகை உள்ளே விட்டு மேற்கதவை மூடி, கரையிலுள்ள சக்கரத்தைக் கையால் சுழற்றினால் நீர் வடிந்து படகு மெல்லத் தாழும். பிறகு கீழ்க்கதவையும் சக்கரத்தாலேயே திறக்கலாம். சக்கரம் குமரனின் வேலை. ஈரச் சுவர்கள் நாற்புறமும் உயர உயர, அடியிலிருந்து ஐயாவின் குரல் எழும். கர்ப்பக்கிருகத்தில்கூட அத்தகைய எதிரொலியை நான் கேட்டதில்லை.

இடர் என்னவென்றால், தொடங்கிய பதிகத்தைக் கடைசிப் பாட்டுவரை பாடாமல் நிறுத்துவதில்லை என்பது அவருடைய நியமம். நீர் வடிந்து முடியும்போது அவர் நாலாம் பாட்டில் இருப்பார். கதவுக்கு அப்பால் மற்றப் படகுகள் காத்துக் கிடக்கும். ஒருமுறை அவர் "திருச்சிற்றம்பலம்" என்று உரக்கச் சொன்னதும், முடிந்தது என்றெண்ணி ஒரு ஜெர்மன்காரர் கைதட்டினார். அது தொடக்கம் என்று குமரன் அவருக்கு விளக்கவேண்டியதாயிற்று.

பிள்ளை வளர வளர வெட்கமும் வளர்ந்தது. அவன் தொழிற்பயிற்சியில் சேர்ந்திருந்த கோடையில், கீழே காத்திருந்த இளைஞர் கூட்டம் ஒன்று பியர்ப் போத்தல்களால் தங்கள் படகைத் தட்டிக் கூச்சலிட்டது. ஐயா ஒன்பதாம் பாட்டில் இருந்தபோது குமரன் கதவைத் திறந்துவிட்டான். வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. ஐயா பாதியடியில் நிறுத்தினார்.

அன்று மாலை கூடாரத்தடியில் நான் மகனைக் கண்டிக்க வாயெடுத்தேன். "அவனைப் பேசாத" என்றார் ஐயா. "வெக்கம் எல்லாருக்கும் இருக்கும்தானே. இனி நான் மனசுக்குள்ள பாடுறன்."

மறுநாள் அடுத்த மதகில் நீர் வடிந்தது. ஐயா கை கூப்பியபடி வாய் மூடி இருந்தார். கதவு திறக்கவில்லை. அண்ணாந்து பார்த்தேன், குமரன் சக்கரத்தில் கை வைத்தபடி அசையாமல் நின்றான்.

"அப்பப்பா, பாடுங்கோ."

"வேண்டாம் மோனை, அங்கால சனம் நிக்குது."

"நிக்கட்டும். பாடினாத்தான் திறப்பன்."

"உனக்கு விசர், மூளை கழண்டிட்டுது."

"ஓம், விசர்தான். பாடுங்கோ."

ஐயா பாடினார். முதற் பாட்டில் குரல் இரண்டுமுறை உடைந்தது. வெளியே யாரோ சீழ்க்கையடித்தார்கள். குமரன் கடைசிப் பாட்டு முடியும்வரை சக்கரத்தைத் தொட்ட கையை அசைக்கவில்லை. அன்று என் நெஞ்சம் நெகிழ்ந்ததைச் சொல்லத் தமிழில் பதிகங்கள்தாம் உண்டு, உரைநடை இல்லை.

அந்த மாரிகாலத்தில் ஐயா சிவபதம் அடைந்தார். அடுத்த கோடைக்குக் குமரனை அழைத்தேன். "இந்த வருசம் ஏலாது அப்பா, லீவு இல்லை" என்றான். அடுத்த ஆண்டும் ஏலவில்லை. அவன்மேல் குறையில்லை, டார்ம்ஸ்டாட்டில் வேலையும் குடும்பமுமாகிவிட்டது. இன்று தன் பிள்ளைகளை விமானத்தில் கடற்கரைக்குக் கொண்டுபோகிறான். படங்கள் அனுப்புவான்.

ஒரேயொரு முறை தனியே போனேன். ஒருவர் இருக்கும் சிறு படகு. நடு இருக்கை என்று ஒன்று அதில் இல்லை. மதகறைக்குள் நுழைந்ததும், கரையில் நின்ற ஒரு பெண்மணி நான் தனியன் என்பதைக் கண்டு, தானே சக்கரத்தைச் சுழற்ற முன்வந்தார். நீர் வடிந்தது. சுவர்கள் உயர்ந்தன. நான் பாடத் தொண்டையைச் செருமிக்கொள்வதற்குள் அந்த நல்ல மனுஷி கதவைத் திறந்துவிட்டார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வலித்தேன்.