கிருபாநிதி சார் வெட்டிய நானூறு படங்கள்

கிருபாநிதி சார் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். சொந்த ஊர் நாசரேத், இப்போது வீடு தூத்துக்குடியில். சொந்தத்தில் கல்யாணம், ஞானஸ்நானம் எது நடந்தாலும் கேமராவும் கையுமாக முதல் ஆளாய் நிற்பார். அவர் எடுத்ததும் அவரை மற்றவர்கள் எடுத்ததும் எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் தேதிவாரியாகக் கிடந்தது. அதில் ஒரு படத்தில்கூடத் தம்பி நேசக்குமார் இல்லை. நானூறு படத்தில் இருந்தவனைச் சார்தான் உட்கார்ந்து வெட்டிவிட்டார்.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். தம்பி மகள் கல்யாணக் கார்டில் பெரியப்பா பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. போட்டவர்கள், பி.எட்.டை விட்டுவிட்டார்கள். சார் கல்யாணத்துக்குப் போனார், பிரியாணியை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார், தம்பியோடு மட்டும் பேசவில்லை. ஆறு வருஷமாகப் பேச்சில்லை. தம்பி நடுவில் நின்ற படங்களில் அவனோடு சேர்ந்து பாதிக் குடும்பமே போயிற்று. போகட்டும் என்றார் மனுஷன்.

அக்கா அற்புதமணிக்கு ஞாயிற்றுக்கிழமை எழுபது வயது நிறைகிறது. ஸ்தோத்திர ஜெபம் முடிந்ததும் குடும்பப் படங்களை டிவியில் ஓட்டும் பொறுப்பு சாருடையது. இந்த நேரம் பார்த்து, வெள்ளிக்கிழமை காலையில், கம்ப்யூட்டர் அப்டேட் கேட்டது. சாரும் சரி என்று அமுக்கினார். கம்ப்யூட்டர் புதுசாக எழுந்தது, பழைய போட்டோ சாப்ட்வேர் எழவே இல்லை.

கம்ப்யூட்டர் கடை வெள்ளத்துரை வந்து அதன் புது வெர்ஷனைப் போட்டுக் கொடுத்தான். திறந்தால், படத்துக்குப் படம் நேசக்குமார் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். சாருக்கு வியர்த்துவிட்டது.

"பழைய சாப்ட்வேர் படத்த வெட்டவே இல்ல சார், மறைச்சுத்தான் வச்சிருந்துச்சு. எதெத மறைச்சோம்னு புதுசுக்குத் தெரியாது," என்றான் வெள்ளத்துரை.

படம் காட்டாவிட்டால் அக்கா முகத்தில் முழிக்க முடியாது. இப்படியே காட்டினாலோ, அண்ணன் இறங்கி வந்துவிட்டான் என்று தம்பி நினைப்பான். சாரா விடுவார்? மறுபடி வெட்ட உட்கார்ந்தார். புது வெர்ஷனில் வெட்டும் பட்டன் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்கவே சனிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. கூடமாட உதவ மாட்டேன் என்று மனைவி ஜெபசுதா முதலிலேயே கையை விரித்துவிட்டாள். பதினொரு படம் வெட்டினார். பன்னிரண்டாவதில் தம்பிக்குப் பதிலாகத் தன்னையே வெட்டிக்கொண்டார். வெறுத்துப்போய், வெட்டியதையெல்லாம் பழையபடி ஆக்கி, பென்டிரைவில் ஏற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் எல்லோரும் அக்காவுக்காக ஜெபிக்க, சார் மட்டும் தம்பி வரக்கூடாதென்று ஜெபித்தார். தம்பி வந்து முன்வரிசையிலேயே உட்கார்ந்தான். மணப்பாடு கடற்கரையில் சாருக்குக் குடை பிடித்தபடி நேசக்குமார் டிவியில் வந்தபோது அக்கா அழுதே விட்டாள். சார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் நேசக்குமார் கண் கலங்க எழுந்து வந்தான்.

"அண்ணே, ஒரு படத்துலகூட நீங்க என்னைய வெட்டலியே. நான் பாவி, எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல உங்கள ஒண்ணு விடாம வெட்டிட்டேன்."

சாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கூடப்பிறந்த அண்ணனை வெட்ட இவனுக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்க வாயைத் திறந்தார். எதிரே ஜெபசுதா பாயச டம்ளரோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டார். தம்பி தோளில் கையைப் போட்டார்.

"பழைய சாப்ட்வேர்லதான வெட்டுன? கம்ப்யூட்டர அப்டேட் பண்ணுலே, நான் தானா வந்துருவேன்."