சாவடியில் உறங்கியவர்

கைரேகைச் சட்டம் நீங்கிற்று என்னும் செய்தி, ஓடைப்பட்டிக்குத் தெற்கே இருந்த அந்தச் சிற்றூருக்கு வந்த அன்று கிடாய் வெட்டினார்கள், கொட்டு முழங்கிற்று. பிறந்த சாதியையே குற்றமாகக் கருதி, ஊரின் ஆண்களையெல்லாம் அந்தி சாய்ந்ததும் சாவடிக்குள் அடைத்துப் பெயர் கூப்பிட்ட காலம் 1947ஆம் ஆண்டு வைகாசியோடு முடிந்தது. இனி அவரவர் வீட்டில் அவரவர் உறங்கலாம்.

கறிச்சோற்றுப் பந்தியில் ஒச்சாண்டி மட்டும் இலையைப் பார்த்தபடி கேட்டார்: “அப்ப இன்னைக்குப் பொழுதடைஞ்சா எங்கன படுக்கிறது?”

“கேக்குறாரு பாரு கேள்வி! பொண்டாட்டி பக்கத்துலதான்” என்றான் ஓர் இளைஞன்.

பந்தியே சிரித்தது. ஒச்சாண்டியின் மனைவி மொக்கம்மாள் இறந்து ஆண்டுகள் பல ஆயின என்பது ஒவ்வொருவருக்கும் நினைவுக்கு வர, சிரிப்பு அடங்கிற்று. சோறு போடுகிறவர் அவர் இலையில் இரண்டு துண்டு கறி கூடுதலாக வைத்துவிட்டு நகர்ந்தார்.

மீசை அரும்பிய வயதில் ஒச்சாண்டியின் பத்து விரல்களிலும் மை தடவினார்கள். அவர் எவருடைய கோழியையும் தொட்டதில்லை. ஏலக்காய்த் தோட்டங்களில் கூலி வேலைக்கு மலையேறலாம் என்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். அது கைக்கு வருவதற்குள் காய்பறிப்பு முடிந்துவிடும். ஆகவே வானம் பார்த்த சிறு காட்டையே நம்பியிருந்தார். மழை பொய்க்கவே அதுவும் கைமாறிற்று. கூரை மாற்றப் புல் வாங்க இயலாத ஓர் ஐப்பசியில் அடைமழை பிடித்தது. பெயர் கூப்பிட வசதியாக விடிய விடிய எரியும் அரிக்கன் விளக்கின் கீழே சாவடியில் படுத்திருந்தவர், இரண்டு தெரு தள்ளி ஒரு மண்சுவர் சரியும் ஓசையைக் கேட்டார். அது எந்தச் சுவர் என்பது அவருக்குத் தெரிந்தது. காவலுக்கு இருந்தவரின் காலைப் பிடித்தார். “விடியட்டும்” என்றார் காவலர். விடிந்த பின் ஓடிச் சென்றபோது, மொக்கம்மாள் இடுப்பு வரை மண்ணுக்குள் கிடந்தாள். தை வரை உயிரோடு இருந்தாள். பிள்ளையில்லை.

அதன்பின் அவர் சுவரை எழுப்பவில்லை. பகலில் எவர் காட்டிலாவது வேலை, அங்கேயே கஞ்சி, அந்தியில் சாவடி. அவருக்கு வீடில்லை என்பதை ஊர் உணரவே இல்லை. ஊரில் எந்த ஆணும்தான் வீட்டில் உறங்கவில்லையே! இடிந்த மனையில் பங்காளி ராக்கையா மாட்டுக்கொட்டகை போட்டபோது, கால் நடுவதற்குக் குழி தோண்டிக் கொடுத்தவரே ஒச்சாண்டிதான்.

சட்டம் போன மறுவாரமே சாவடியில் பங்கீட்டுத் தானிய மூட்டைகளை அடுக்கிப் பூட்டினார்கள்.

“அண்ணே, கொட்டகையில படுங்க, வேணாங்கல” என்றார் ராக்கையா. “ஆனா ஆளக் கண்டா மாடு மெரளுது. பாலச் சுருக்கிருதுண்ணே.”

கிராம முன்சீப் இன்னும் கனிவாகப் பேசினார்: “மூட்டைக்கு நாந்தானப்பா ஜவாப்தாரி. நாளைக்கு ஒருபடி கொறஞ்சா ஒன்னையத்தான கை காட்டுவாக? ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

சில நாள் வைக்கோல் படப்படியில், சில நாள் கோயில் மரத்தடியில் கிடந்த ஒச்சாண்டி, ஆடியில் காற்றும் சாரலும் தொடங்கியதும் குளித்து, திருநீறு பூசி, காவல் நிலையத்துக்கு நடந்தார். ஏட்டு செல்வமணி முன்னர்ச் சாவடியில் பெயர் கூப்பிட்டவர். ஆளை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“சாமி, எல்லாரு பேரையும் அடிச்சிட்டீக, நல்லதுதான். எம்பேர மட்டும் வச்சுக்கிருங்க. பொழுதடைஞ்சதும் கூப்பிடுங்க, இருக்கேன்னு சொல்றேன். இங்கனயே ஒரு மூலையில மொடங்கிக்கிறேன்.”

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். “சட்டமே இல்லையேய்யா, நான் என்ன செய்ய? இனிமே களவு செஞ்சாத்தான் இங்கன எடம். செய்வீரா?”

“பழக்கமில்லையே, சாமி.”

ஏட்டு சிரித்துவிட்டார், பீடி ஒன்றும் கொடுத்து அனுப்பினார். அந்தச் சிரிப்பைப் பிறரிடமும் பகிர்ந்துகொண்டார் போலும். ஒச்சாண்டி திரும்புவதற்கு முன்பே செய்தி ஊருக்கு வந்திருந்தது.

“எங்கப்பன் ரேகை உருட்ட மாட்டேன்னு துப்பாக்கிக்கு நெஞ்சக் காட்டுனாரு” என்று தெருவில் நின்று கத்தினாள் பாண்டியம்மாள். “நீரு அவன்கிட்டப் போயி, எம்பேர வச்சுக்கன்னு கேட்டுட்டு வந்திருக்கீரு! தூ!”

அவள் சினத்தில் பிழையில்லை. ஒச்சாண்டி எதற்காக அங்கே போனார் என்பதை மட்டும் கூட்டத்தில் எவரும் வாய்திறந்து சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு கட்டுப் புல்லும் நாலு கூடை மண்ணும் போட்டிருந்தால், அந்த வாரத்திலேயே ஒரு குச்சு வீடு எழுந்திருக்கும். அதற்கான கைகள் அங்கே நிறையவே இருந்தன. அவை மார்பில் கட்டப்பட்டிருந்தன.

“தேனியில சத்திரம் இருக்கு, சந்த இருக்கு, எப்பிடியும் பொழச்சுக்குவாரு” என்று அவரை ஊரைவிட்டு அனுப்பத் தீர்ப்பாயிற்று. புது வேட்டி ஒன்று எடுத்துக் கொடுத்தார்கள். பாண்டியம்மாளே கட்டுச்சோறு கொண்டுவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியில் வைத்தாள்.

அந்திக் கருக்கலில் தேனி தெரிந்தது. வண்டியோட்டி வந்த கர்ணன் கேட்டான்: “எங்கன எறக்கிவிடட்டும், சின்னையா?”

“வெளக்கு எரியிற எடமாப் பாத்து எறக்கிவிடுப்பா. இருட்டுல படுத்துப் பழக்கமில்ல.”

சந்தைப்பேட்டை வாயிலில் ஒரு விளக்கு எரிந்தது. அதன் கீழே பாயை விரித்து உட்கார்ந்தபோது காவல்காரர் வந்தார்.

“எந்த ஊரு?”

ஒச்சாண்டி சொன்னார்.

“ஓகோ, அந்த ஊரா! எந்திரியும், எந்திரியும். சரக்கு கெடக்குற எடத்துல ஒம்ம நெழல்கூட விழக்கூடாது.”

“சட்டம் போயிருச்சே, சாமி.”

“அது ஒங்க ஊருல.”

ஒச்சாண்டி பாயைச் சுருட்டிக்கொண்டார். உலகப்போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனபின், ரயில் வராமல் பாழடைந்து கிடந்த நிலையம் சற்றுத் தள்ளி இருந்தது. அங்கே விளக்கு இல்லை. அவர் அந்தத் திசையில் நடந்தார்.