புள்ளிக்கோடு நேர்கோடான கதை

குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போன இடத்தில், கோயில் வாசலில் கட்டியிருந்த பேனரைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் வம்சாவளி. கிளை கிளையாகப் பச்சை இலையெல்லாம் வரைந்து வழவழவென்று அடித்திருந்தார்கள். மூலையில் எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவரின் போட்டோ, சால்வையோடு. கீழே ‘தொகுத்தவர்’ என்று அவருடைய பெயர். தொகுத்தது நான்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் உட்கார முடியாது எனக்கு. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பேரணாம்பட்டு, குடியாத்தம், சோளிங்கர் என்று சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய், “உங்க தாத்தாவோட அப்பா பேரு இன்னா?” என்று கேட்பேன். பாதிப் பேர் நான் சொத்துக்கு அடி போடுகிறேன் என்று நினைத்தார்கள். ஒரு வீட்டில் உள்ளே கூப்பிடாமல் கேட்டிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பினார்கள். கிடைத்த பெயர் ஒவ்வொன்றின் கீழும் அதைச் சொன்னது யார் என்று பொடி எழுத்தில் எழுதுவேன். உறுதியாகத் தெரிந்த உறவுக்கு நேர்கோடு, சந்தேகமானதற்குப் புள்ளிக்கோடு.

பெரியப்பா வேலூரில் இருக்கிறார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் இதில் ஆசை உண்டு. “பேரப் பசங்களுக்குக் காட்டணும்மா, போன்ல அனுப்பு” என்று கேட்டார். குடும்பத்தில் இன்னொரு பைத்தியம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, எல்லாவற்றையும் அனுப்பிவைத்தேன்.

“இன்னா பெரியப்பா, எம்பேரக் காணோம்?” என்று பேனருக்கு அடியிலேயே கேட்டேன்.

“நம்ம குடும்பத்து விஷயம். இதுல உன்னுது என்னுதுன்னு இன்னா இருக்குது?” என்றார்.

உன்னுது என்னுது இல்லாத பேனரில் உங்கள் போட்டோ மட்டும் எப்படி ஏறியது என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டு, “பேரைச் சொன்னவங்கள எல்லாம் எழுதியிருந்தேனே?” என்றேன்.

“அதுவா? பொடிப்பொடியா அசிங்கமா இருந்துச்சு. எடுத்துடச் சொன்னேன்.”

அன்று முழுக்க என் பெயர் விடுபட்ட கோபம்தான் எனக்கு. பேனரில் கோடுகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கத் தோன்றவே இல்லை.

பேனர் போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் என் ஒன்றுவிட்ட அண்ணன் மகள் போன் செய்தாள். நிச்சயதார்த்தம் முடிந்து, பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டிய நேரம் அது.

“அத்த, நான் அவருக்குத் தங்கச்சியாம்” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. “கல்யாணம் வேணாம்னு சொல்லிட்டாங்க. அவரு போனே எடுக்க மாட்றாரு அத்த.”

என் கொள்ளுத் தாத்தா பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்கு வந்தபோது கூடவே இன்னொருவரும் வந்தார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். அண்ணன் தம்பியா, சும்மா கூட வேலை செய்தவர்களா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் புள்ளிக்கோடு போட்டிருந்தேன். பேனர் அடித்தவர்கள் எல்லாக் கோட்டையும் ஒரே மாதிரி நேராக இழுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை அந்த இன்னொருவரின் வழி. அண்ணன் தம்பி வழியென்றால் இரண்டு குடும்பமும் பங்காளி. பங்காளி வீட்டில் பெண் எடுப்பதும் கூடப்பிறந்தவளைக் கட்டுவதும் எங்களிடம் ஒன்றுதான்.

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ராணிப்பேட்டையில் மாப்பிள்ளை வீட்டுக்கு ஓடினேன். “அந்தப் படத்தைப் போட்டவ நான்தான். அது சந்தேகத்துக்குப் போட்ட கோடு” என்றேன்.

மாப்பிள்ளையின் அப்பா போனில் பேனரைப் பெரிதாக்கிப் பார்த்தார். “உங்க பேரு இதுல எங்கம்மா இருக்குது?”

அந்த ஒரு கேள்வியில் நான் பொய் சொல்லுகிறவளாகிவிட்டேன். “நம்ம குலதெய்வமே வேற வேறதானே?” என்று கேட்டுப் பார்த்தேன். பிழைக்க வந்த இடத்தில் சாமியை மாற்றிக்கொண்டவர்கள் இல்லையா என்று மடக்கினார். அப்போது உள்ளேயிருந்து அவருடைய அக்கா வந்து பேசினார்.

“இவங்க தாத்தா செத்தப்ப எங்கப்பா கோடி எடுத்துக்கினு போனாரு. நானும் கூடப் போனேன். பங்காளியா இருந்தா மொட்டை அடிச்சிருப்பாரு, கோடி எதுக்குப் போடறாரு?”

சாவு வீட்டில் கோடித்துணி போடுவது மாமன் மச்சான் முறைக்காரர்கள். எனக்கு அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை வீடு ஏறி இறங்கிய எனக்கு, சாவுக்கு யார் என்ன செய்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே என்று எரிச்சலும் வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார். “சரிம்மா. ஆனா ஊருக்கெல்லாம் படம் போய்ட்டுது. பேனரைப் போட்டவர் வாயால தப்புன்னு சொல்லட்டும்.”

அங்கிருந்து நேராக வேலூர். லாங் பஜார் நெரிசலில் ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, வண்டிக்காரன் நகர நகர நானும் நகர்ந்தேன். மனசுக்குள் பெரியப்பாவோடு சண்டையே போட்டு முடித்திருந்தேன்.

நடந்ததைச் சொன்னதும் பெரியப்பா, “கோயில்ல எல்லாரும் பாராட்டினாங்க. இப்பப் போய் உன்கிட்டருந்து எடுத்தேன்னு சொல்லச் சொல்றியா?” என்றார்.

“பொண்ணோட கல்யாணம் பெரிசா, உங்க சால்வை பெரிசா?”

அவர் முகம் சுருங்கியது. “பேஜார் பண்ணாத, போ. நான் பாத்துக்கறேன்.”

சாயந்திரம் குரூப்பில் அவருடைய அறிவிப்பு வந்தது. பேனரில் உள்ள இருவர் அண்ணன் தம்பி அல்ல என்றும், இந்தப் பிழையான கோடு இன்னார் அனுப்பியது, தவறுக்கு அவரே பொறுப்பு என்றும் எழுதியிருந்தார். இன்னார் என்ற இடத்தில் இனிஷியலோடு என் முழுப் பெயர். வரிசையாகக் கும்பிடு போட்டார்கள். பெரியப்பாவின் பெருந்தன்மையை ஒருவர் புகழ்ந்திருந்தார்.

நீளமாகப் பதில் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அதற்குள் அண்ணன் மகள் போன் செய்து, “அத்த, அவரு பேசிட்டாரு!” என்று கத்தினாள். மாப்பிள்ளையின் அப்பாவும் பத்திரிகை அடிக்கச் சொல்லிவிட்டாராம். இனி நான் வாயைத் திறந்தால் யார் சொல்வது சரி என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். எழுதியதை அழித்தேன். அவ்வளவு கசப்பான காரியம் ஒன்றை நான் அதற்கு முன் செய்ததில்லை.

கல்யாணத்துக்குப் போனேன். தாலி கட்டும்போது மனசார அட்சதை போட்டேன். பந்தியில் பக்கத்து இலைக்கு வந்து உட்கார்ந்த, முன்பின் தெரியாத ஒரு பெண் என்னையே பார்த்தாள்.

“நீங்கதான அந்தக் கோட்டைத் தப்பாப் போட்டவங்க?”

எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன்.

அவள் இலையைத் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “எங்க பெரிய தாத்தா ஒருத்தரு கோலாருக்குப் போய்ட்டாரு. அவரு பேரே அந்தப் படத்துல இல்ல. யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியாமயே இருந்தேன். இப்பத்தான் உங்க பேரு தெரிஞ்சுது.”

“சொல்லுங்க” என்றேன்.