பன்னிரண்டு பொயின்ற்றோடு ஓடும் வான்

1. முதல் நாள், முதல் கூட்டல்

ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு சட்டத்தரணி அலுவலகம். வாகன வழக்குகள்தான் அங்கே அதிகம். சட்டம் படித்து முடித்த கையோடு உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் நாள் காலையிலேயே பொயின்ற் விதிகளை, அதாவது வாகனம் ஓட்டுவதில் செய்யும் தவறுக்கு லைசென்ஸில் ஏறும் தண்டனைப் புள்ளிகளின் விதிகளை, எல்லாம் படித்துவிட்டேன், அல்லது அப்படி நினைத்தேன். வேகத்துக்குக் குறைந்தது மூன்று. சிவப்பு விளக்கைக் கடந்தாலும் மூன்று. ஓட்டும்போது கையில் போன் இருந்தால் ஆறு. மூன்று வருடத்துக்குள் பன்னிரண்டு சேர்ந்தால் நீதிமன்றம், வழக்கமாக ஆறு மாதத் தடை. புதிதாக லைசென்ஸ் எடுத்தவருக்கு முதல் இரண்டு வருடத்தில் ஆறே போதும். லைசென்ஸ் ரத்து, திரும்பவும் எல் போர்ட். ஒரு விளையாட்டின் விதிகளைப் போல அது என்னை இழுத்தது.

மதியம் போன் அடித்தது. வால்தம்ஸ்டோவிலிருந்து அன்ரன் அண்ணை. வான் வண்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில்.

"பிள்ளை, வீட்டுக் காரிலை போகேக்கை ஸ்பீட் கமெராவிலை மாட்டிப்போட்டன். லைசென்ஸிலை ஏற்கெனவே ஒன்பது கிடக்கு. இதுக்கு மூண்டு வருமாம். இப்ப என்ன செய்யிறது?"

"ஒன்பதும் மூண்டும் பன்னிரண்டு, அண்ணை. ஆறு மாசம் ஓட ஏலாது."

"வான் ஓடாட்டி எனக்கு வேலை இல்லை, பிள்ளை."

மறுநாள் பத்து மணிக்கு வரச் சொன்னேன். சரியான விடை சொன்ன திருப்தியோடு சாண்ட்விச்சைப் பிரித்தேன்.

2. ஒரு கார், மூன்று டிரைவர்

அண்ணையோடு அவர் மனைவி மெற்றில்டா அக்காவும், அக்காவின் தம்பி ஜூட்டும் வந்தார்கள். காருக்கு மூவர் பேரிலும் இன்சூரன்ஸ். ஓட்டியது யார் என்று இருபத்தெட்டு நாளுக்குள் எழுதித் தரும்படி பொலிஸ் கடிதம்.

"நான்தான் ஓடினனான்," என்றான் ஜூட், நான் வாய் திறக்கும் முன்பே.

"உனக்கு அண்டைக்கு ஷிப்ட்! நான் ஓடினனான் எண்டு எழுதுங்கோ, பிள்ளை," என்றார் மெற்றில்டா அக்கா.

"அக்கா, நீங்கள் முப்பது மைல் ரோட்டிலை இருபதிலை ஓடுற ஆள். ஸ்பீடிங் எண்டா பொலிஸே சிரிக்கும்."

கல்யாண வீட்டு வேலையைப் பிரித்து எடுப்பதுபோல, பொயின்ற்றையும் பிரித்து எடுக்க வந்திருந்தார்கள். அண்ணை மட்டும் தலை நிமிரவில்லை.

என் சீனியர் வாசுகி அக்கா உள்ளே வந்தார். "இந்தக் கதையை நிப்பாட்டுங்கோ. ஓடாத ஆளின்ரை பேரை எழுதினா ஜெயில் வரைக்கும் போகும். பேர் குடுத்தவருக்கும்தான், எழுதினவருக்கும்தான்."

ஜூட் என்னைப் பார்த்தான். "நீங்கள்தானே ஆறு மாசம் எண்டு அத்தானுக்குச் சொன்னனீங்கள்?"

எனக்குச் சுருக்கென்றது. இவர்களை இந்தப் பொய்யிடம் கொண்டுவந்து விட்டது என் கூட்டல்.

"பழைய ஒன்பதின்ரை திகதியளைப் பாத்தனீரோ?" என்று என்னைக் கேட்டார் வாசுகி அக்கா.

பார்க்கவில்லை. அண்ணையின் போனிலேயே அவருடைய லைசென்ஸ் பதிவைத் திறந்தோம்.

"முதல் மூண்டும் ஜூனிலை வந்தது," என்றார் அண்ணை.

ஜூனில் வந்தது தண்டம். அதற்காக வேகமாக ஓடிய நாள் அதே வருடம் மார்ச் ஒன்பது. இப்போது கமெரா பிடித்தது இந்த வருடம் மார்ச் இருபது. இடையில் மூன்று வருடமும் பதினொரு நாளும்.

பொயின்ற் லைசென்ஸில் நான்கு வருடம் தெரியும். பன்னிரண்டைக் கூட்டும்போது மூன்று வருடத்துக்கு உட்பட்டதைத்தான் எடுப்பார்கள். அதுவும் குற்றம் நடந்த நாளிலிருந்து குற்றம் நடந்த நாள் வரை. பழைய மூன்று திரையில் இருந்தது, கூட்டலில் சேராது. ஆறும் மூன்றும் ஒன்பது.

"அப்ப உண்மையை எழுதினா வேலை போகாதோ?"

"போகாது, அண்ணை. ஆனா இனி ஒரு மூண்டு வந்தா ஒருத்தராலையும் ஒண்டும் செய்ய ஏலாது," என்றேன்.

அண்ணை பொலிஸ் கடிதத்தில் தன் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இனிக் கோயிலுக்கு நான்தான் கார் ஓடுவன்," என்றார் மெற்றில்டா அக்கா.

"அப்ப ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குச் சனிக்கிழமையே வெளிக்கிடோணும்," என்றான் ஜூட்.

3. கோடு

அன்றிலிருந்து எத்தனை பொயின்ற் என்று யார் சொன்னாலும், எந்த நாள் ஓடியது என்று கேட்காமல் நான் கூட்டுவதில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: விடை தெரிந்தாலும் இன்னொரு கேள்வி கேளுங்கள்.

சில வாரம் கழித்து அண்ணை வந்து, பழைய மூன்றும் இன்னும் தெரிகிற லைசென்ஸ் பதிவைப் போனில் நீட்டினார். "பன்னிரண்டு, பிள்ளை! பன்னிரண்டை வைச்சுக்கொண்டு வான் ஓடுறன்!" பிறகு குரலைத் தாழ்த்தினார். "வானை ரோட்டிலை கோடு போட்ட இடத்திலை விட்டுட்டு வந்தனான். பார்க்கிங் டிக்கெட்டுக்கு பொயின்ற் இல்லைத்தானே?"

நகரசபைக் கவுன்சில் தரும் டிக்கெட்டுக்கு பொயின்ற் கிடையாது. 'இல்லை' என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"என்ன கோடு, அண்ணை? மஞ்சளோ, இல்லாட்டி ஆக்கள் கடக்கிற கிராஸிங்குக்குப் பக்கத்திலை வெள்ளையா வளைஞ்சு வளைஞ்சு போறதோ? அதிலை பொலிஸ் பிடிச்சா மூண்டு பொயின்ற்."

அண்ணை ஜன்னலால் எட்டிப் பார்த்தார். அடுத்த நொடி படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது.