தகடு கட்டிய ஆமைகள்

1. உட்காரும் வேலை

முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, ஆமையின் மேல் உட்காருவது. முட்டையிட்டுவிட்டு விடியலில் கடலுக்குத் திரும்பும் ஆமையை மறித்து, அது நகராதபடி முதுகில் பாரம் கொடுக்க வேண்டும். செல்வநாயகம் சார் பின்னால் மண்டியிட்டு, ஓட்டின் விளிம்பில் ஆசாரிமாரின் துறப்பணத்தால் சிறு துளை போடுவார். அதில் கம்பி கோத்து ஒரு செப்புத் தகட்டைக் கட்டுவோம். தகட்டில் ஓர் எண்ணும், சென்னையிலிருந்த ஆராய்ச்சி அலுவலகத்தின் முகவரியும் இங்கிலீஷில் வெட்டியிருக்கும். நான் எழுந்துகொள்வேன். ஆமை போய்விடும்.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன மறுவருடம் அது. நான் நாலாம் வகுப்போடு நின்றவன், ஆட்களிடம் பேசக் கூச்சப்படுகிறவன். பேச்சு தேவைப்படாத வேலை என்பதால் ஒத்துக்கொண்டேன். நாங்கள் வேலை பார்த்த மண்டபத்தூர்க் கரையில் பெண்கள் என்னைப் பார்த்து, "சாமி ஆமை வாகனத்துல பொறப்பட்டாச்சு" என்று சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

சார் கடல் உயிர்களைப் பற்றிப் படித்தவர். முட்டையிட்ட ஆமைகள் எங்கே போகின்றன என்பது தெரிந்தால், அந்த இடத்தில் அவற்றைப் பிடிக்கக் கூடாது என்று அரசாங்கத்திடம் கேட்கலாம் என்றார். தகடு கட்டிய ஆமை எங்காவது வலையில் விழும். பிடித்தவர் யாரையாவது படிக்கச் சொல்லித் தகட்டை அனுப்பிவைப்பார் என்று எதிர்பார்த்தோம்.

2. வராத தகடுகள்

இரண்டு பருவம் போயிற்று. ஒரு தகடுகூட வரவில்லை. மணலில் நடந்து நடந்து என் முழங்கால் வீங்கிவிட்டது. சென்னையிலிருந்து மேலதிகாரி வந்தார். சாருக்கு நாற்காலி போடச் சொல்லாமலே பேசினார்.

"என்னய்யா, செம்பையெல்லாம் கடலுக்குத் தானம் பண்றீரா? இந்தத் தடவையும் ஒண்ணும் வரலேன்னா கடைய மூடிடுவோம்."

மூடினால் சார் வேறு இடம் தேட வேண்டும். எனக்கும் வேலை போய்விடும். வீட்டில் நான் ஒருவன்தான் சம்பாதிக்கிறவன்.

நேரில் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று சார் என்னை அழைத்துக்கொண்டு, நாகப்பட்டினத்துக்குத் தெற்கேயுள்ள மீனவர் குப்பங்களுக்குப் போனார். தகடு கட்டிய ஆமையைப் பார்த்ததுண்டா என்று கேட்டால், இல்லை என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எதையோ மறைக்கிறார்கள் என்பது எனக்கே தெரிந்தது.

மூன்றாவது குப்பத்தில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு கட்டுமரம் கரையேறியது. வலையில் ஓர் ஆமை உயிரோடு கிடந்தது. ஓட்டில் எங்கள் தகடு. சார் ஓடினார். மரத்துக்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"தொடாதீங்க ஐயா. இது சாமிக்கு நேர்ந்து விட்டது."

அவர் மனைவி மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து ஆமையின் தலையில் ஊற்றினாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கள் பக்கத்தில் கோயிலிலும் தர்காவிலும் மந்திரித்துக் கொடுக்கும் தகடும் செம்புதான். அதிலும் எழுத்தும் எண்ணும் வெட்டியிருக்கும். யாரோ வேண்டிக்கொண்டு கட்டிவிட்டது என்று இதையும் நினைத்துவிட்டார்கள். அடுத்தவர் வேண்டுதலைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்றுதான் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

"இதுக்கு முந்தியும் வந்திருக்கா?" என்று சார் மெதுவாகக் கேட்டார்.

"வரும். கும்பிட்டு விட்ருவோம். வடக்க யாரோ பெரிய கஷ்டத்துல இருக்காங்க போலருக்கு. இத்தனை ஆமைய நேர்ந்து விட்ருக்காங்களே, பாவம்."

"ஆமா, கஷ்டந்தான்" என்றார் சார். "தகடு இல்லாதது மாட்டினா?"

"அறுத்துப் பங்கு வச்சுக்குவோம். எண்ணெய மரத்துக்குப் பூசுவோம். அதுக்கென்ன?"

அது மந்திரத் தகடு இல்லை, ஆபீஸ் தகடு என்று சொல்ல நான் வாயெடுத்தேன். சார் என் கையை அழுத்தினார். மரத்துக்காரர் ஆமையைத் தூக்கிக்கொண்டுபோய் அலையில் விட்டார்.

3. திரும்பி வந்த வழி

திரும்பும் வழியில் நான் கேட்டேன், ஆமையை விட்டுவிட்டுத் தகட்டை மட்டும் கழற்றிக் கொடுக்கச் சொல்லலாமே என்று.

"தகட்டுல சாமி இல்லேன்னு தெரிஞ்சுட்டா, அப்புறம் ஆமைய எதுக்குய்யா விடுவாங்க?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சொல்லாம விட்டா உம்ம வேலையும்தான் போவும். சொல்லணும்னா சொல்லிடலாம். நீரே முடிவு பண்ணும்" என்றார்.

வீட்டை நினைத்துக்கொண்டு வெகுதூரம் நடந்தேன். திருமலைராயன் ஆற்றைத் தாண்டும்போது, "சொல்ல வேணாம் சார்" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

தகடு எதுவும் திரும்பவில்லை என்றே மேலிடத்துக்கு எழுதினார். ஆடிக்குள் ஆபீசை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. தகடு கட்டியதையாவது அறுக்க மாட்டார்களே, அதற்குள் மீதித் தகடுகளைக் கட்டி முடித்துவிட வேண்டும் என்று சார் அவசரப்பட்டார். முழங்கால் வலியோடு நானும் ஒவ்வோர் ஆமையின் மேலும் உட்கார்ந்தேன். இப்போது நெல் மண்டியில் மூட்டை தைக்கிறேன்.

இந்த மாதிரி வேலைக்கு இனி வரும் படித்த பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். எதைக் காப்பாற்ற வந்தோம் என்பதை, வேலை போகும் என்ற நிலையிலும் உங்களையே ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தெரிந்து அதன்படி நடந்த பிறகும், வேலை போனது மனசுக்கு அலுப்பாகத்தான் இருக்கும். எனக்கு இன்னும் இருக்கிறது.