மகன் பறித்த திராட்சை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பொங்கல் முடிந்த வாரம் அது. திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகிற ரோட்டை ஒட்டித்தான் எங்கள் வீடு. பின்னால் கொஞ்சம் நிலம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தலில் பாகலும் புடலையும் போட்டிருக்கிறோம். என் மகன் இத்தாலியில், ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறான். அந்தத் தடவை லீவில் வந்தபோது தோட்டத்து முதலாளியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

முதலாளி என்றதும் கோட்டு போட்ட ஆளை நினைத்துக்கொண்டிருந்தேன். காரிலிருந்து இறங்கியவர் எங்கள் ஊர் விவசாயி மாதிரிதான் இருந்தார். கழுத்தெல்லாம் வெயில் பட்டு சிவந்து, விரல் விரலாக வெடிப்பு. காலையிலேயே மலைக்குப் போய் சாமி பார்த்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டார். இலை போட்டதும் கையாலேயே பிசைந்து சாப்பிட்டார். பாகற்காய் வறுவலை மட்டும் வாயில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் யோசனையாக இருந்தார். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சாப்பாடு முடிந்ததும் தன் பையைத் திறந்து, துண்டில் சுற்றிய ஒரு பொருளை வெளியே எடுத்தார். தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி அத்தனை பதமாக எடுத்தார். பிரித்தால், ஒயின் பாட்டில். எழுந்து நின்று, இரண்டு கையாலும் அதை என் கணவரிடம் கொடுத்தார்.

நான் சட்டென்று கணவர் முகத்தைப் பார்த்தேன்.

என் கணவர் ஒரு காலத்தில் ரொம்பக் குடித்தவர். ஒரு நாள் வண்டியோடு விழுந்து, அரக்கோணம் ஆஸ்பத்திரியில் பிழைக்கிறாரா இல்லையா என்று கிடந்தார். எழுந்து வந்த பிறகு தொடவில்லை. ஆனால் எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. கல்யாணம், காதுகுத்து என்றால் தனியாக அனுப்ப மாட்டேன். யாராவது கேட்டால் அவருக்கு ஜுரம், வயிற்றுவலி என்று ஏதாவது சொல்லிவிடுவேன். வீட்டில் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை. மகனும் வெட்கப்பட்டுக்கொண்டு அங்கே ஒருவரிடமும் சொன்னதில்லை.

இது எதுவும் தெரியாத அந்த மனிதர் ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டே போனார். மகன் தமிழில் சொன்னான். அந்தத் திராட்சைக்குப் பேர் லாக்ரைன். மற்ற ரகமெல்லாம் வேறு வேறு ஊரிலிருந்து வந்ததாம். இது மட்டும் அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்ததாம். மலை மேலே பனி விழுகிறதுக்கு முன்னால் பறித்துவிடுவார்களாம். ஒயின் நாவல்பழச் சாறு மாதிரி கறுப்பாக இருக்குமாம். கடைசியாக என் மகன் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னாடா சொல்றாரு?" என்றார் கணவர்.

"இதுல இருக்கிற பழம் நான் பறிச்சதாம், நைனா. அதான் ஒனக்குன்னு தனியா எடுத்து வெச்சிருந்தாராம். சேர்ந்து ஒரு வாய் குடிக்கலாம், டம்ளர் இருக்குமான்னு கேக்குறாரு."

"நம்ம வூட்ல டம்ளர் இல்லன்னு சொல்லு" என்றேன் அவசரமாக. வந்தவர் முன்னாலேயே தண்ணீர் டம்ளர் இருந்தது. உடனே, "ஒங்க நைனாவுக்கு சக்கரை, டாக்டர் வேணான்னுட்டாருன்னு சொல்லுடா" என்றேன்.

மகன் வாயைத் திறந்தான். கணவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சும்மா இரு மே. எனக்கு சக்கரையும் இல்ல, ஒண்ணும் இல்ல." பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார். "நான் குடிச்சி அழிஞ்சவன்னு சொல்லு. ஒரு வாய் தொட்டா நிறுத்த மாட்டேன், அதனால தொடறதில்லன்னு சொல்லு."

"நைனா, வேணாம்."

"சொல்லுடா. நீ கஷ்டப்பட்டு பறிச்சத வேணான்றேன். ஏன்னு அந்த மனுசனுக்கு நெஜம் தெரிய வாணாமா?"

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, உள்ளே போகவும் முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டேன்.

வந்தவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எப்படி விட முடிந்தது என்று.

"இன்னிக்கு குடிக்கல, அவ்ளோதான்னு சொல்லு. நாளிக்கி சேதி நாளிக்கி" என்றார் கணவர்.

அந்த மனிதர் தலையை ஆட்டினார். ஆறுதலும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பாட்டிலை வாங்கி, பழையபடி துண்டில் சுற்றி, தானே கொண்டுபோய் காரில் வைத்துவிட்டு வந்தார். வந்ததும் கொல்லைப் பக்கம் கையைக் காட்டி, பந்தலைப் பார்க்கலாமா என்றார்.

அங்கேயும் திராட்சையைப் பந்தலில்தான் ஏற்றுவார்களாம்! பந்தலுக்கு அடியில் போய் நின்றவர் கல்தூணைத் தட்டிப் பார்த்தார், கம்பியை இழுத்துப் பார்த்தார். வாழைநாரால் கொடியைக் கட்டுவதை கணவர் காட்டினார். அங்கே மரத்தின் மெல்லிய குச்சியை முறுக்கிக் கட்டுவார்களாம். அதை அவர் சைகையிலேயே காட்ட, மகன் பக்கத்தில் சும்மா நின்றான். பாஷையே தேவைப்படவில்லை. வெயில் தாழ்கிற வரை இரண்டு பேரும் பந்தலை விட்டு வெளியே வரவில்லை.

அடுத்த வருஷம் மகன் வந்தபோது முதலாளி ஒரு பாட்டில் கொடுத்தனுப்பியிருந்தார். பார்த்ததும் எனக்கு மறுபடி பயம். "அதே பழம்தாம்மா, வெறும் ஜூஸு. புளிக்கிறதுக்கு முன்னாடியே காய்ச்சி மூடிட்டாரு. நம்ம வூட்டுக்குன்னு செஞ்சது" என்றான் மகன்.

கணவர் டம்ளரில் ஊற்றி என்னிடம்தான் முதலில் நீட்டினார். "நீ குடிச்சிப் பாத்து சொல்லு மே." குடித்தேன். நல்ல இனிப்பு, கடைசியில் கொஞ்சம் துவர்ப்பு. அப்புறம்தான் அவர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்ல பழமாத்தான் பாத்து பறிச்சிருக்கான்" என்றார். அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

முன்பெல்லாம் கணவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது, குடிவாடை வருகிறதா என்று ஒரு தடவை மோந்து பார்ப்பேன். அவருக்கே தெரியாமல் வருஷக்கணக்காக அப்படிச் செய்துகொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் அவர் தன் வாயாலேயே உண்மையைச் சொன்ன அந்த மத்தியானத்துக்குப் பிறகு, அந்தப் பழக்கம் எப்போது என்னை விட்டுப் போனது என்று எனக்கே தெரியவில்லை.